விரதத்தின் ஆறாம் நாள் போட்ட இரண்டாவது ஊசி

தாதி வேலை பழகும் பிள்ளைகளே, இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். கொஞ்சம் ஆறிய பிறகு எழுதலாம் என்று இரண்டு கிழமை, பதினான்கு நாள், பொறுத்துப் பார்த்தேன். ஆறவில்லை. இனியும் பொறுத்தால், வயதுபோன மனுசி புறுபுறுக்கிறாள் என்று நீங்கள் தள்ளிவிடக்கூடிய பதத்துக்கு வந்துவிடும். அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

போன மாதம் என் மச்சாளுக்கு வயிற்றெரிவு என்று கமரா விட்டுப் பார்க்க நாள் கொடுத்திருந்தார்கள். வாய்வழியாகக் குழாயை இறக்கி இரைப்பையைப் பார்க்கும் பரிசோதனையைத்தான் எங்கள் சனம் கமரா விடுவது என்று சொல்லும். துணைக்குப் போனேன். எந்த மருத்துவமனை என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். ஓய்வு பெற்ற மிஸ்ஸி, அதாவது தாதி, என்று தெரிந்ததும் மரியாதையாக உள்ளே விட்டார்கள். அங்கே மேசையில் ஒரு எவர்சில்வர் தட்டம். பச்சைத் துணி விரித்து, அதன்மேல் பன்னிரண்டு சோடி ஊசிகள், மருந்து இழுத்து, வரிசையாக. ஒவ்வொரு சோடியையும் ஒரு துண்டு பிளாஸ்ரரால் ஒட்டியிருந்தார்கள். எல்லாச் சோடியிலும் ஒரே அளவு. முதலாவது நோயாளி இன்னும் செருப்பே கழற்றவில்லை.

"உது ஆருக்குப் பிள்ளை?" என்று அங்கே நின்ற இளம் தாதியைக் கேட்டேன்.

"இண்டைக்கு வாற எல்லாருக்கும் மிஸ்ஸி. விடிய வந்தவுடனை இழுத்து வச்சிடுவம். நேரம் மிச்சம்" என்றாள், சந்தோசமாக.

நான் கத்திவிட்டேன். வந்தவர் யார், எத்தனை வயது, எத்தனை கிலோ, வீட்டில் என்ன குளிசை போடுகிறார் என்று தெரியாமல் எவருக்காக மருந்து இழுத்தாய் என்று கேட்டேன். வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். மச்சாள் என் கையைப் பிடித்து இழுத்தாள். அந்தப் பிள்ளையின் முகம் சுருங்கிப்போயிற்று.

"ஏன் மிஸ்ஸி என்னைப் பேசுறியள்? இது உங்கடை முறைதானே. 'மிஸ்ஸீன்ரை தட்டம்' எண்டு உங்களைச் சொல்லித்தான் எங்களுக்குப் பழக்கினவை."

என் கோபம் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஓம், அது என்னுடைய தட்டம்தான். முப்பத்து மூன்று வருடத் தாதி வேலையில் கடைசிப் பத்து வருடம் நான் கமரா அறையில் இருந்தேன். அறை ஒன்று, குழாய் ஒன்று, டொக்டர் ஒருவர். வெளியே வாங்குகளில் இருபது பேர். தீவுப் பகுதியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவர்கள் இருப்பார்கள். மயிலிட்டியில் கரைக்கு வந்து, மீனை இறக்கிவிட்டு, அந்தக் கையோடு வந்த தொழிலாளிகள் இருப்பார்கள். எல்லோரும் வெறுவயிறு. மத்தியானம் திரும்பினால் ஒன்றிரண்டு பேர் தலைசுற்றி விழுவது வழக்கம். ஒருவருக்கு மருந்து இழுக்க மூன்று நிமிடம் போனால் இருபது பேருக்கு ஒரு மணித்தியாலம் போகிறது. அந்த ஒரு மணித்தியாலத்தை மிச்சம் பிடிக்கத்தான் தட்டத்தைக் கொண்டுவந்தேன்.

அதற்குக் கிடைத்த புகழை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். உற்பத்தித்திறன் போட்டிக்கு வந்த நடுவர்கள் தட்டத்தைச் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். படம் அறிவித்தல் பலகையில் ஏறியது. எனக்கு ஒரு சான்றிதழ் தந்தார்கள். உற்பத்தியாம்! மனிசரின் மூச்சை வைத்துக்கொண்டு என்ன உற்பத்தி செய்தோம் என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. சான்றிதழைக் கண்ணாடி போட்டு வீட்டில் கொழுவினேன்.

அந்தச் சோடியில் ஒன்று மிடசோலம். பயத்தைப் போக்கி அரைத்தூக்கத்துக்குக் கொண்டுபோகும். மற்றது பெதிடின். நோவை மரக்கச் செய்யும். இரண்டுமே மூச்சை மெதுவாக்கும். சேர்த்துக் கொடுத்தால் ஒன்றுக்கொன்று கைகொடுத்து, நாங்கள் மனதில் கூட்டிப் பார்த்ததைவிடக் கூடுதலாகவே அமுக்கும். உங்களுக்கு இதெல்லாம் பாடத்தில் இருக்கிறது. எனக்கும் இருந்தது. ஆனால் தட்டத்தில் சோடியாகப் படுத்திருந்தபோது அவை இரண்டு மருந்துகள் என்பதே என் கண்ணில் படவில்லை. ஒரு வேலையின் முதல் பாதி, பின் பாதி என்றுதான் தெரிந்தன. முதல் பாதி முடிந்தால் கை தானாகப் பின் பாதிக்குப் போகும்.

அன்று கந்தசட்டியின் ஆறாம் நாள். பின்னேரம் எல்லா முருகன் கோயில்களிலும் சூரன்போர். அறையில் வேலை செய்த எங்களில் பாதிப்பேர் ஏதோ ஒரு வகையில் விரதம். நான் ஒருநேரச் சாப்பாடு. மத்தியானத்துக்குள் எல்லாரையும் முடித்தால்தான் வீட்டுக்குப் போய்த் தலை தோய்ந்துவிட்டுக் கோயிலுக்குப் போகலாம். டொக்டருக்கும் அது தெரியும். வேலையை இறுக்கிப் பிடித்து ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் கெட்டவரல்லர். பொல்லாத காலத்திலும் ஊரைவிட்டுப் போகாமல் நின்றவர், கைராசிக்காரர் என்று சனம் கும்பிடும். அதனால்தான் அவர் செய்ததை மன்னிக்க எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

பதினோராவதாக வந்தவர் பண்டத்தரிப்பைச் சேர்ந்த ஒரு அம்மா. மணியக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுபது வயதைத் தாண்டியவர். இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்து, அதில் மகளைப் படிப்பித்துக் கரைசேர்த்தவர். பல மாதமாக நெஞ்செரிவு. கட்டிலில் ஏறிப் படுத்தபோது மெத்தை பதியவே இல்லை. அவ்வளவு மெலிவு. எங்கள் படிவத்தில் இருந்த கேள்வியை நான் கேட்டேன்: நேற்று இரவு பத்து மணிக்குப் பிறகு ஏதாவது சாப்பிட்டீங்களா? இல்லை என்றார். சரி போட்டேன். உள்ளங்கை அகலப் படிவத்தில் வேறு கேள்விக்கு இடமிருக்கவில்லை.

"மிஸ்ஸி, பின்னேரம் சூரன்போர். அதுக்கு முதல் என்னை விட்டிடுவியளோ?" என்று கேட்டார்.

"விட்டிடுவம் அம்மா. எனக்கும் போகவேணும்" என்றேன்.

நரம்பு தேடிக் கிடைக்கவில்லை. மூன்றாம் முறைதான் கனுலா ஊசி ஏறியது. தண்ணீர் வற்றிய உடம்பின் நரம்பு அது. முப்பது வருடம் நரம்பு பார்த்த விரலுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். முதல் ஊசியைப் போட்டேன், மிடசோலம் முழுவதும். டொக்டர் அடுத்த மேசையில் முந்தைய நோயாளியின் அறிக்கையை எழுதிக்கொண்டிருந்தார். மணியக்காவின் கண் சொருகத் தொடங்கியது. நாக்குச் சற்றுத் தடித்திருந்தது. ஆனாலும் கதைத்தார், சின்னப் பிள்ளை கதைப்பதுபோலச் சந்தோசமாக.

"எப்பிடியும் வெறுவயிறுதானே எண்டுதான் இண்டைக்கு நாள் எடுத்தனான் மிஸ்ஸி. ஆறு நாளும் மிளகும் பச்சைத்தண்ணியும்தான். வேறை ஒண்டும் வாயிலை வைக்கேல்லை. முப்பது வருசமாப் பிடிக்கிறன்."

கேட்டீர்களா? ஆறு நாள். நெஞ்செரிவுக்காரி, ஆறு நாள் மிளகு. தண்ணீர் வற்றிய, இரத்தத்தில் சீனி இறங்கிய, ஒட்டி உலர்ந்த ஒரு உடம்பு. அதற்குள் ஒரு மருந்தை முழு அளவில் ஏற்றிவிட்டு நிற்கிறேன். அந்த இடத்தில் ஒரு தாதி என்ன செய்ய வேண்டும்? எல்லாவற்றையும் நிறுத்தியிருக்க வேண்டும். சீனியைப் பார்த்திருக்க வேண்டும். அவர் அமைதியாகத்தான் படுத்திருந்தார்; தொண்டைக்கு மரக்கும் ஸ்பிரே அடித்து, கையைப் பிடித்துக்கொண்டு நின்றாலே குழாய் இறங்கியிருக்கும். இல்லாவிட்டால் சேலைன் போட்டு இன்னொரு நாளைக்கு வரச் சொல்லியிருக்கலாம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பெருமைப்பட்டேன். "நல்லதம்மா, முருகன் கைவிடமாட்டார்" என்றேன்.

டொக்டர் எழும்பி வந்தார். "என்ன கதை நடக்குது?" என்று கேட்டார்.

"கந்தசட்டியாம் டொக்டர். ஆறு நாளும் உபவாசமாம்."

"அப்ப வயிறு நல்ல கிளீனா இருக்கும்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். "ரண்டும் போட்டாச்சோ?" என்று கேட்டார்.

"இந்தா டொக்டர்" என்று இரண்டாவது ஊசியை எடுத்துப் போட்டேன். மணியக்காவுக்குப் பெதிடின் தேவையா என்று எவரும் யோசிக்கவில்லை. தட்டத்தில் இரண்டு இருந்தன, அதனால் இரண்டையும் போட்டேன். இதைவிட நல்ல காரணம் ஒன்றை இத்தனை வருடமாகத் தேடுகிறேன், கிடைக்கவில்லை.

குழாய் இறங்கியது. திரை வடிவாகத் தெரிவதற்காக அறை விளக்கை அணைத்திருந்தோம். டொக்டர் இரைப்பையில் சிவந்திருந்த ஓரிடத்தில் சின்னத் துண்டு ஒன்று எடுத்தார். அதைப் போடும் போத்தலில் பெயர் எழுத நான் மேசைப் பக்கம் திரும்பினேன். நோயாளியின் முகத்தைப் பார்க்க வேண்டியவளும் நான், பெயர் எழுத வேண்டியவளும் நான். விரலில் மாட்டிய ஒட்சிசன் கருவி கத்தியிருக்குமே என்பீர்கள். கத்தியது. குளிர்ந்த விரல்களில் அது அடிக்கடி பொய்யாகக் கத்துகிறது என்று சத்தத்தை நாங்களே குறைத்து வைத்திருந்தோம்.

காலடியில் நின்ற சிற்றூழியர்தான் கண்டார். குருநகரைச் சேர்ந்த கத்தோலிக்கர், எல்லோருக்கும் அவர் அண்ணை.

"மிஸ்ஸி, உவவின்ரை நெஞ்சு ஏறி இறங்கேல்லை" என்றார்.

விளக்கைப் போட்டோம். உதடு நீலம். டொக்டர் குழாயை உருவினார். நான் தாடையைத் தூக்கிப் பிடித்தேன். மூச்சு இல்லை. மூச்சுக் கொடுக்கும் பையை முகத்தில் வைத்து அமுக்கத் தொடங்கினேன். அண்ணை ஓடிப்போய்ச் சத்திரசிகிச்சைக் கூடத்தில் நின்ற மயக்க மருந்து டொக்டரைக் கூட்டிவந்தார். என் மகளின் வயதுகூட இல்லாத பிள்ளை. வந்ததும் பையை என்னிடமிருந்து வாங்கித் தானே அமுக்கிக்கொண்டு கேட்டார்.

"என்ன குடுத்தது? எவ்வளவு?"

அதற்குத் தட்டம் பதில் சொன்னது.

"எத்தனை கிலோ?"

அதற்குத் தட்டத்திடம் பதில் இல்லை. எங்களிடமும் இல்லை. "சின்ன ஆள்தான்" என்றார் கமரா விட்ட பெரிய டொக்டர்.

"சின்ன ஆள் எண்டது கிலோவோ டொக்டர்?" குரல் உயரவில்லை. கை நிற்கவில்லை. "கடைசியா எப்ப சாப்பிட்டவ?"

நான்தான் சொன்னேன். "ஆறு நாளா உபவாசம்."

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"முதல் ஊசிக்குப் பிறகு."

"ரண்டாவதுக்கு முன்னம்?"

"ஓம்."

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். சீனியைப் பாருங்கோ என்று மட்டும் சொன்னார். சீனி பாதாளத்தில் கிடந்தது. குளுக்கோஸ் ஏற்றினோம். பெதிடினை முறிக்கும் மாற்று மருந்தும், அவர் தன் பெட்டியில் கொண்டுவந்திருந்த மிடசோலத்துக்கான மாற்று மருந்தும் உள்ளே போயின. அந்த அம்மாவின் நெஞ்சு ஒருமுறை ஏறி இறங்கியது. பிறகு இன்னொரு முறை. அண்ணை சிலுவை போட்டுக்கொண்டார். நான் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இனிச் சுகம், நோயாளர் விடுதிக்கு அனுப்பலாம் என்றார் பெரிய டொக்டர். வெளியே இன்னும் ஒன்பது பேர் இருந்தார்கள். அந்த இளம் டொக்டர் விடவில்லை. மாற்று மருந்து முதலில் உடம்பைவிட்டுப் போய்விடும், நாங்கள் கொடுத்த மருந்து உள்ளே இருக்கும், அனுப்பினால் போகிற வழியில் திரும்பவும் மூச்சு நிற்கலாம் என்று சொல்லிவிட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தார். அவர் சொன்னதுபோலவே ஒருமுறை மூச்சு மெதுவாகி, இன்னும் கொஞ்சம் மருந்து கொடுக்க வேண்டிவந்தது. அன்று அந்த உயிரைக் காப்பாற்றியது அந்தக் கதிரைதான் என்று நான் நினைப்பதுண்டு.

நானும் கூட இருந்தேன். பக்கத்துக் கோயிலில் சூரன்போர் மேளம் கேட்டபோது மணியக்கா நன்றாகக் கண் விழித்தார். கையில் ஏறிக்கொண்டிருந்ததைப் பார்த்தார்.

"உது என்ன மிஸ்ஸி?"

"குளுக்கோஸ் அம்மா."

அவருடைய கண் நிறைந்துவிட்டது. "ஆறாம் நாள் மிஸ்ஸி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். செத்துப் பிழைத்தது அவருக்குத் தெரியாது. விரதம் முறிந்ததுதான் தெரிந்தது.

இதுவரைக்கும் நான் சொன்னது பிழை. பிழை எல்லோருக்கும் வரும், உங்களுக்கும் வரும். இனிச் சொல்லப்போவது வேறு.

மூன்றாம் நாள் பெரிய டொக்டர் என்னை அறைக்குக் கூப்பிட்டு ஒரு அறிக்கையைத் தந்தார். நோயாளி தாம் நீண்ட விரதம் இருந்ததை மருத்துவக் குழுவுக்குத் தெரிவிக்கவில்லை என்று அதில் எழுதியிருந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"மிஸ்ஸி, உங்களுக்குப் பென்சனுக்கு இன்னும் ரண்டு வருசம் கிடக்கு. அவவுக்கு ஒண்டும் நடக்கேல்லைத்தானே. ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்" என்றார்.

"அவ சொன்னவ டொக்டர்."

"படிவத்திலை எழுதிக் கிடக்கோ?"

எழுதிக் கிடக்கவில்லை. நான் எழுதவில்லை. கையெழுத்துப் போட்டேன். அந்தப் பேனையின் நிறம்கூட இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. மருத்துவமனை வைத்த விசாரணைக்கு முந்தின நாள் மயக்க மருந்து டொக்டர் என்னைத் தேடி வந்தார். "நீங்கள் எனக்குச் சொன்னதை அங்கையும் சொல்லுங்கோ மிஸ்ஸி, அது போதும்" என்றார். நான் சொல்லவில்லை. நோயாளி தெரிவித்தாரா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். வெளியே வந்தபோது அந்தப் பிள்ளை வழியில் நின்றார். "அந்த அம்மாவைப் பக்கத்திலை இருந்து காப்பாத்தினது உதுக்கோ?" என்று கேட்டுவிட்டுப் போனார். சில மாதத்தில் இடமாற்றம் கிடைத்து ஊரைவிட்டே போய்விட்டார்.

மூன்று கிழமைக்குப் பிறகு மணியக்கா முடிவு கேட்கக் கிளினிக்குக்கு வந்தார். வெறும் புண்தான், குளிசையில் மாறும். கையில் ஒரு பெரிய பை. இடியப்பமும் சம்பலும் சொதியும், எங்கள் எல்லோருக்கும்.

"என்ரை பிழையாலை உங்களுக்கெல்லாம் எவ்வளவு கரைச்சல் மிஸ்ஸி. நான் சொல்லியிருக்க வேணும். விரதத்தாலை நானும் செத்து, உங்களையும் ஜெயிலுக்கு அனுப்பப் பாத்தனெண்டு டொக்டர் பேசினவர். ஏன் சொல்லாமல் விட்டன் எண்டு எனக்கே விளங்கேல்லை."

பிள்ளைகளே, மிடசோலம் உள்ளே போன பிறகு ஆள் கதைக்கும், சிரிக்கும், கேட்டதற்குப் பதில் சொல்லும், பிறகு அதில் ஒன்றும் நினைவில் நிற்காது. அவர் என்னிடம் சொன்னார். சொன்னதை எங்கள் மருந்தே அழித்துவிட்டது. அவர் சொன்னதை நேரில் கேட்டு மிஞ்சியிருந்த சாட்சி நானும் டொக்டரும்தான். நாங்கள் இருவரும் அவர் சொல்லவில்லை என்று கையெழுத்து வைத்துவிட்டோம். தன் நினைவைவிட எங்கள் காகிதத்தை நம்பி, அந்த மனுசி எங்களிடம் மன்னிப்புக் கேட்க இடியப்பம் அவித்துக்கொண்டு வந்திருக்கிறார்!

அந்த இடியப்பத்தை எல்லோரும் சாப்பிட்டோம். நானும் சாப்பிட்டேன். எழுதும்போதே என்னை நானே அறையலாம்போல இருக்கிறது.

பிழை நோயாளியுடையது என்று அறிக்கை சொன்னதால் வேறெதையும் மாற்றத் தேவையில்லை என்று முடிவானது. தட்டம் இருந்தது. நிறுக்கும் தராசு வரவில்லை. படிவத்தில் ஒரு கேள்விகூடச் சேரவில்லை. நான் ஓய்வு பெற்றுப் போன பிறகும் தாதிப் பிள்ளைகள் அந்தத் தட்டத்தைப் பழகி, இடமாற்றத்தில் போகிற இடமெல்லாம் கொண்டுபோயிருக்கிறார்கள். ஒரு பொய்க் கையெழுத்து எவ்வளவு தூரம் நடக்கும் என்று பாருங்கள்.

உங்களுக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கில்லை, ஆனாலும் சொல்கிறேன். இரண்டு மருந்தைச் சேர்த்துக் கொடுக்கும்போது முதலாவது என்ன செய்கிறது என்று நின்று பாருங்கள். நிற்க நேரமில்லை என்று எவர் சொன்னாலும், அவர் எவ்வளவு கைராசிக்காரராக இருந்தாலும், நில்லுங்கள். வந்தவரை நிறுங்கள். இரவு சாப்பிட்டீரா என்று கேட்காமல் கடைசியாக எப்போது சாப்பிட்டீர் என்று கேளுங்கள். எங்கள் சனம் விரதம் பிடிக்கிற சனம், அது எங்களுக்குத் தெரியாததல்ல, நாங்களும் அதே சனம்தான். பக்தியைக் கண்டு கையெடுத்துக் கும்பிடுவதை வேலை முடிந்து வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். நோயாளி சொன்னதைச் சொன்ன நேரமே எழுதுங்கள். ஒரு நாள் உங்கள் முன்னால் ஒரு காகிதத்தை வைத்துப் பென்சனைப் பற்றிக் கதைப்பார்கள். அந்த நேரம் உங்களைக் காப்பாற்றப்போவது நீங்கள் எழுதி வைத்த அந்த ஒரு வரிதான்.

அந்தத் தட்டத்தை மறுபடி கண்ட பிறகு, நடந்ததெல்லாவற்றையும் எழுதி, நான் பொய் சொன்னேன் என்று கையெழுத்து வைத்து, பழைய மருத்துவமனைக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். என்னை என்ன செய்கிறார்களோ செய்யட்டும். அதன் பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு போன கிழமை பண்டத்தரிப்புக்குப் போனேன்.

மணியக்கா குசினியில் இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தார். வேண்டாம் இருங்கோ என்றேன். கடிதத்தை எடுத்துக் காட்டினேன். சின்ன எழுத்துக் கண்ணுக்குத் தெரியாது, வாசியுங்கோ என்றார். நின்றுகொண்டே வாசித்தேன். முடியுமட்டும் அவர் இடியப்ப உரலை விடவில்லை, பிழிந்துகொண்டே இருந்தார்.

"அப்ப நான் சொன்னனான்?"

"ஓம் அம்மா. வடிவாச் சொன்னனீங்கள்."

"டொக்டருக்கும் கேட்டதோ?"

"கேட்டது. சிரிச்சவர்."

"நீங்கள்?"

"நானும் சிரிச்சனான்."

அவர் உரலை ஓரமாக வைத்தார். மாப்படிந்த கையைத் துடைக்காமல் மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

"ஐஞ்சு கந்தசட்டி விட்டிட்டன் மிஸ்ஸி. மறைச்சுப்போட்டன், என்னாலை நாலு பேருக்கு ஆபத்து வந்தது, இனிப் பிடிக்கமாட்டன், எனக்கு அந்தத் தகுதி இல்லையெண்டு கோயில் வாசல்லை நிண்டு சொல்லிப்போட்டு வந்தனான்."

நான் கடிதத்தை மடித்து அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கினார். எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபமாகக் கேட்கவில்லை, பரிசோதனைக்கு நாள் கேட்பதுபோலத்தான் கேட்டார்.

"இதை முருகனுக்கு ஆர் வாசிச்சுக் காட்டுறது மிஸ்ஸி?"